பெருநகரத்தில் காலூன்றுவது எப்படி: குடியேறுபவர்களுக்கும் சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கும்

பெருநகர வாழ்க்கை நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. ஒரே நகரத்தில், ஒரே அலுவலகத்தில், ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாலை ஆறரைக்கு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் எட்டு மணிக்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் அந்த ஊரைப் பற்றிச் சொல்வது ஒன்றுபோல இருக்காது. படுக்கிற இடத்துக்கும் தினம் போகிற இடத்துக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் இவ்வளவு வித்தியாசத்தையும் உண்டாக்குகிறது. புதிதாக வருபவர்கள் வேறு எதில் தவறினாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இதில் தவறினால் தினமும் அதன் பலனை அனுபவிக்க வேண்டியிருக்கும்.

நகரத்தின் நன்மையும் தீமையும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை. லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலிய ஆய்வாளர்கள் 2007இல் பல நாட்டு நகரங்களின் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டார்கள். மக்கள்தொகை 1 சதவீதம் கூடினால் மொத்தச் சம்பளமும் கண்டுபிடிப்பு உரிமங்களும் 1.1 முதல் 1.3 சதவீதம் வரை கூடின. கடும் குற்றங்களும் தொற்றுநோயும் அதே போக்கில் ஏறின. சாலைப் பரப்பு, மின்கம்பி நீளம் போன்றவை மட்டும் 0.8, 0.9 சதவீதம் என்ற அளவில்தான் கூடின. ஊர் பெரிதாகப் பெரிதாக ஆளுக்கு வரும் சம்பளம் உயர்கிறது, ஆளுக்குக் கிடைக்கும் சாலை சுருங்குகிறது என்று இதற்குப் பொருள். வாய்ப்பும் நெரிசலும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வாங்க முடியாது. ஆனால் உங்கள் பங்குக்கு எது எவ்வளவு வந்து விழும் என்பது பெரும்பாலும் உங்கள் ஏற்பாட்டைப் பொறுத்தது.

யார் போக வேண்டும், யார் யோசிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். தனித்திறன் தேவைப்படும் தொழிலில் இருப்பவர், அரிய நோய்க்குத் தொடர்ந்து சிறப்பு மருத்துவம் தேவைப்படுபவர், ஊர்க்கண் தன்மேல் படாமல் வாழ விரும்புபவர் ஆகியோருக்குப் பெருநகரம் கொடுப்பதைச் சிற்றூர் கொடுக்க முடியாது. எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை, வீட்டில் கைக்குழந்தை, உதவிக்கு ஆள் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நகரத்தின் ஒரு வருடக் காற்று மாசு அளவைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

1. முதலில் கணக்கு, பிறகு பெட்டி

பிடித்தம் போகக் கைக்கு வரும் மாதச் சம்பளத்தை 100 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை, பராமரிப்பு, தண்ணீர், மின்சாரம் நான்கும் சேர்ந்து 30 பங்குக்குள் அடங்குவது நல்லது. 35 வரை சமாளிக்கலாம். 40ஐத் தாண்டினால் ஒரு முறை உடம்புக்கு முடியாமல் போனாலே கடன் வாங்க வேண்டிவரும். அந்த வரம்புக்குள் தனி வீடு கிடைக்காவிட்டால் வீட்டைப் பகிர்ந்துகொள்ளுங்கள். தூரமாகப் போவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் கடைசி வழி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மாதம் 22 வேலை நாள். தூரத்து வீட்டிலிருந்து ஒரு வழிக்கு 60 நிமிடம் என்றால் மாதம் 44 மணி நேரம் போகிறது. பக்கத்து வீட்டிலிருந்து 20 நிமிடம் என்றால் 15 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. மிச்சம் 29 மணி நேரம். நாளுக்கு 8 மணி வீதம் மாதம் 176 மணி நேர வேலைக்கு 100 பங்கு சம்பளம் என்றால் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 0.57 பங்கு. பயணத்தில் போகும் நேரத்துக்குச் சம்பள விகிதத்தில் பாதியை மதிப்பாகப் போடுவது போக்குவரத்துப் பொருளாதாரத்தில் வழக்கம். அப்படிப் போட்டால் 29 மணி நேரம் ஏறத்தாழ 8 பங்கு. ஆகவே பக்கத்து வீட்டுக்குச் சம்பளத்தில் 8 சதவீதம் வரை கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. மிச்சமாகும் பயணச் சீட்டுச் செலவு இதில் சேரவில்லை. உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். வாடகையை மட்டும் ஒப்பிட்டு வீடு எடுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

குடியேறும் முதல் மாதத்தில் முன்பணம், முதல் வாடகை, தரகர் கூலி, படுக்கை, பாத்திரம், இணைய இணைப்பு எல்லாம் ஒரே வாரத்தில் கழுத்தைப் பிடிக்கும். இவ்வளவும் கொடுத்த பிறகு மூன்று மாதச் செலவுக்குப் பணம் தனியாக இருந்தால் கிளம்பலாம். ஒரு மாதத்துக்குத்தான் இருக்கிறது என்றால் வேலை உறுதியாகி, முதல் சம்பளத் தேதி தெரிந்த பிறகு போங்கள்.

2. முதல் மூன்று வாரம் தற்காலிகத் தங்கல்

பார்க்காத வீட்டுக்குத் தொலைவில் இருந்தபடியே ஒப்பந்தம் போடாதீர்கள். மூன்று வாரத்துக்கு விடுதியோ வாடகை அறையோ எடுத்துக்கொண்டு, அங்கிருந்து தேடுங்கள். செலவு கூடத்தான். ஆனால் தவறான வீட்டில் ஒரு வருட ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்வதைவிட இது மலிவு.

இந்த மூன்று வாரத்தில் பலரை அலைக்கழிப்பது காகிதங்கள்தான். வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். வீட்டு ஒப்பந்தத்துக்கு வங்கிக் கணக்கைக் கேட்பார்கள். இரண்டுக்கும் உள்ளூர்க் கைபேசி எண் கேட்பார்கள். எண், வேலைக் கடிதம், கணக்கு, வீடு என்ற வரிசையில் போனால் சிக்கல் குறையும். அடையாள அட்டையின் பல நகல்கள், வேலை நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டு உரிமையாளர் தந்த கடிதம், பத்துப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வீடு பார்க்கும்போது கையிலேயே வைத்திருங்கள். நல்ல வீட்டை அன்றைக்கே வேறொருவர் எடுத்துவிடுவார். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றால் வீடு காத்திருக்காது.

3. வீடு பார்ப்பது

அவசரப்படக்கூடாத இடம் இது. முதலில் வரைபடத்தில் தினம் போகும் இடத்தைக் குறியுங்கள். அங்கே வண்டி மாறாமலோ, ஒரே ஒரு முறை மாறியோ போய்ச்சேரக்கூடிய நிலையங்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் 800 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். சாதாரண நடையில் நிமிடத்துக்கு 80 மீட்டர் போகலாம் என்பதால் அது பத்து நிமிடத் தூரம். விளம்பரத்தில் ‘நிலையத்திலிருந்து 5 நிமிடம்’ என்று இருந்தால் அது நடையா வண்டியா என்று கேளுங்கள். நீங்களே நடந்து பாருங்கள். நடுவில் ரயில் பாதையோ ஆறோ குறுக்கிட்டால் நேர்க்கோட்டில் 400 மீட்டர் இருக்கும் இடத்துக்குச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும்.

பிடித்த வீட்டை மூன்று வேளையில் பாருங்கள்: வேலை நாளின் காலை நெரிசல் நேரம், இரவு பத்து மணி, விடுமுறை நாளின் மாலை. காலையில் தெருவில் வண்டி நகர்கிறதா என்று தெரியும். இரவில் தெருவிளக்கு எரிகிறதா, நிலையத்திலிருந்து வரும் வழி ஆளரவமாக இருக்கிறதா, கீழ்த்தளக் கடைகளின் இரைச்சல் எத்தனை மணிக்கு அடங்குகிறது என்பவை தெரியும். நல்ல மழை பெய்த மறுநாள் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். தரைத்தளச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாகக் கறை ஓடினால் அங்கே வெள்ளம் வந்து போயிருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் புதுச் சாயம் பளபளத்தால் அதன் பின்னால் ஈரமோ பூஞ்சையோ இருக்கும்.

வீட்டுக்குள் சோதிக்க அரை மணி நேரம் கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான். ஒரு லிட்டர் பாட்டிலைக் குளியலறைக் குழாயில் பிடியுங்கள். பத்து விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 6 லிட்டர், குளிக்கப் போதும். இருபது விநாடி ஆனால் காலையில் எல்லா வீட்டிலும் குழாய் திறக்கும் நேரத்தில் இன்னும் மெலிந்துபோகும். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டி, வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். வெளியேற்று விசிறியில் மெல்லிய காகிதத்தை வையுங்கள். ஒட்டி நின்றால் காற்றை இழுக்கிறது. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் ஒருவரை அழையுங்கள். உட்புற அறைகளில் சிக்னல் அறுந்துபோவது அடுக்குமாடிகளில் சாதாரணம். மெத்தையோடு விடும் அறை என்றால் தையல் ஓரங்களைப் பிரித்துப் பாருங்கள். மிளகு தூவியதுபோலக் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி உண்டு. எவ்வளவு பிடித்த வீடானாலும் திரும்பிவிடுங்கள். பெருநகரத்தில் இதைத் துரத்துவது பெரும்பாடு, ஏனென்றால் பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாக மறுபடி வரும். தெருவோரத்தில் போட்ட மெத்தையையும் சோபாவையும் எடுத்துவரக்கூடாது என்பதும் இதனால்தான்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபல், வெளிச்சுவருக்கு அப்பால் 40 டெசிபல் என்பவை உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டு அளவுகள். நகரத்தின் பெரிய சாலையோரங்கள் இதைத் தாண்டியே இருக்கும். சாலையிலிருந்து தூரம் இரண்டு மடங்கானாலும் வண்டிச் சத்தம் 3 டெசிபல் அளவுக்குத்தான் குறையும். கட்டடமே குறுக்கே நின்று மறைத்தால் 10 டெசிபலும் அதற்கு மேலும் குறையும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தமாகப் படும். ஆகவே சாலையை விட்டு இன்னும் சில மீட்டர் தள்ளித் தேடுவதைவிட, அதே கட்டடத்தில் பின்பக்கம் பார்த்த அறையைக் கேட்பது அதிகப் பலன் தரும். ஜன்னலின் இடுக்குகளையும் பாருங்கள். கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் விளிம்பில் விரல் நுழையும் சந்து இருந்தால் சத்தம் உள்ளே வந்துவிடும். இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டைக்குச் செலவு குறைவு.

மாடி உயர உயரக் காட்சி நன்றாக இருக்கும், கொசு குறையும். ஆனால் கடைசி மாடியில் கூரை வெயிலில் காய்ந்து இரவெல்லாம் வெப்பத்தைக் கீழே இறக்கும். வழக்கமான தீயணைப்பு ஏணி வண்டி ஏறத்தாழ 30 மீட்டர் எட்டும், அதாவது எட்டு ஒன்பது மாடி வரை. அதற்கு மேல் குடியிருப்பவர்களுக்குப் படிக்கட்டுதான் உயிர். லண்டனில் 2017இல் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தில் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு. எந்த மாடியில் வீடு எடுத்தாலும் படிக்கட்டுக் கதவு பூட்டாமல் இருக்கிறதா, படிகளில் சைக்கிளும் அட்டைப்பெட்டியும் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் கதவிலிருந்து படிக்கட்டு எத்தனையாவது கதவு என்று எண்ணி மனதில் வையுங்கள். புகையில் கண் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு கதவுகளை எண்ணித்தான் போக முடியும்.

ஏமாற்றுக்காரர்களின் முறை எல்லா ஊரிலும் ஒன்றேதான். சுற்றுவட்டாரத்தைவிடக் கணிசமாகக் குறைந்த வாடகை, அழகான படங்கள், ‘உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார்’, ‘இன்றைக்கே பாதி அனுப்பினால்தான் வைத்திருப்பேன்’. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே விலகிவிடுங்கள். விளம்பரப் படத்தை இணையத்தில் படத்தேடல் செய்து பாருங்கள். வேறு ஊர் விளம்பரத்திலும் அதே படம் இருந்தால் கதை முடிந்தது. சாவி போட்டுக் கதவைத் திறந்து காட்டுபவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். சொத்து ஆவணத்தில் உள்ள பெயரும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் பெயரும், பணம் போகும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சாவி வாங்கிய அன்றைக்கே, சாமான் இறக்கும் முன், வீடு முழுவதையும் படமெடுங்கள். சுவர், தரை, குழாய், ஜன்னல், மின்மீட்டர் எண், தண்ணீர் மீட்டர் எண் என்று முப்பது நாற்பது படங்கள். தேதி தெரியும்படி உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளும் வழக்குகள் பெரும்பாலும் இந்தப் படங்கள் இல்லாததால்தான் தோற்கின்றன.

4. தினசரிப் பயணம்

மெட்ரோ வரைபடத்தை நம்பித் தூரத்தை மதிப்பிடாதீர்கள். ஹாரி பெக் லண்டன் சுரங்க ரயிலுக்கு வரைந்து 1933இல் வெளியான வரைபடத்திலிருந்து உலகெங்கும் அந்த முறைதான்: கோடுகள் நேராக இருக்கும், நிலையங்கள் சம இடைவெளியில் இருக்கும், உண்மைத் தூரம் இருக்காது. லண்டனிலேயே லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவன்ட் கார்டனுக்கும் நடுவே 300 மீட்டர்கூட இல்லை. படி இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி ஏறி வருவதற்குள் நடந்து போய்ச்சேர்ந்துவிடலாம். இப்படிப்பட்ட குறுக்கு நடைகளை உங்கள் பகுதியில் நாலைந்து கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் நெரிசல் நேரத்தில் பெரிய உபகாரம்.

பயண நேரத்தைக் கதவிலிருந்து கதவு வரை அளந்து பாருங்கள். ரயிலில் 20 நிமிடம்தான் என்பார்கள். நிலையத்துக்கு நடை 8, மேடைக்கு இறங்க 3, காத்திருப்பு 4, வண்டி மாற 6, வெளியே வந்து நடை 7 எல்லாம் சேர்ந்தால் 48. பஸ் என்றால் காத்திருப்பைக் கூட்டிப் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒழுங்காக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால், ஓடும் பஸ்களின் எண்ணிக்கை அதேதான் என்றாலும் சராசரி 10 நிமிடம். ஏன் சேர்ந்து வருகின்றன? சற்றுத் தாமதமான பஸ்ஸுக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடுதல் கூட்டம் ஏறும், அதனால் இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆள் குறைவு, அதனால் அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். இரண்டு பஸ் சேர்ந்து வந்தால் இரண்டாவதில் ஏறுங்கள். இடம் கிடைக்கும், போய்ச்சேரும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

வேலை நேரத்தை அரை மணி நேரம் முன்பின் நகர்த்த அலுவலகத்தில் அனுமதி கிடைக்குமா என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். நெரிசலின் உச்சியைத் தவிர்க்க அந்த அரை மணி பல ஊர்களில் போதும். ரயிலில் நடுப்பெட்டிகளில் கூட்டம் அடர்த்தி என்றால் ஓரப்பெட்டிக்கு நடந்து போங்கள். இறங்கும் நிலையத்தில் வெளிவாசல் எந்தப் பெட்டிக்கு நேராக இருக்கிறது என்று குறித்துக்கொண்டால் மேலும் இரண்டு மூன்று நிமிடம் மிச்சம். கடைசி ரயில், கடைசி பஸ் நேரத்தை எழுதி வையுங்கள். விடுமுறை நாளில் அந்த நேரம் வேறாக இருக்கலாம்.

உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். செயற்கைக்கோள் சிக்னல் கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதுதான் காரணம். நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் புள்ளி காட்டும் திசையில் ஓடாமல், தெருப் பெயர்ப்பலகையைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு நடங்கள். சாலையோரம் நின்று கைபேசியை நீட்டிப்பிடித்துத் தேடுவது திருடனுக்கு அழைப்பு வைப்பது போல. சுவர்ப்பக்கமாக ஒதுங்கி நின்று பாருங்கள். ரயிலில் கதவை ஒட்டி உட்கார்ந்து கைபேசி பார்க்க வேண்டாம். கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு குதிப்பார்கள். பணம், அட்டை, அடையாள அட்டை மூன்றும் ஒரே பையில் இருக்கக்கூடாது.

5. காற்றும் வெப்பமும்

காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போகும் பிஎம் 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம், ஒரு நாள் சராசரி 15. பல பெருநகரங்கள் இதைத் தாண்டியவை. நகரத்தை மாற்ற முடியாது, பாதையை மாற்றலாம். வண்டிப் புகையின் அடர்த்தி பெரிய சாலையிலிருந்து முதல் 150, 200 மீட்டருக்குள் வேகமாகக் குறையும். நடைக்கும் சைக்கிளுக்கும் இணையாக ஓடும் பின்தெருவைத் தேர்ந்தெடுங்கள். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதானால் படுக்கையறைக்கு மட்டும் போதும். 12 சதுர மீட்டர் அறை, 2.7 மீட்டர் உயரம் என்றால் 32 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை சுத்தம் செய்ய 160 கன மீட்டர் திறன் வேண்டும். அந்தத் திறன் குறைந்த வேகத்திலேயே கிடைக்கும் கருவியாகப் பாருங்கள், முழு வேகத்தில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது.

நகரத்தின் இரவு சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை லண்டனில் லூக் ஹோவர்ட் அளந்து 1818இலேயே எழுதிவிட்டார். பகலில் கான்கிரீட்டும் தாரும் குடித்த வெப்பம் இரவில் வெளியேறுகிறது. நெருக்கமான கட்டடங்கள் அதை வானத்துக்குப் போகவிடுவதில்லை. வெப்ப அலை நாட்களில் வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகே ஜன்னலைத் திறங்கள். நகரத்தில் அது நள்ளிரவுக்குப் பிறகும் ஆகலாம். வெயில் விழும் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மறைப்புப் போட்டால் உள்திரையைவிடப் பல மடங்கு பலன்.

6. பெருங்கூட்டத்தில்

ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நின்றால் நெருக்கம். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. அதற்கும் மேலே போனால் கூட்டம் தண்ணீரைப்போல அலைபாயும், உங்கள் கால் உங்கள் சொல்லைக் கேட்காது. சியோலில் 2022 அக்டோபர் 29 இரவு குறுகலான சரிவுச் சந்தில் 150க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்படிப்பட்ட சாவுகளில் பெரும்பாலும் மிதிபடுவதைவிட, நின்றபடியே நெஞ்சு விரிய முடியாமல் மூச்சு அடைபடுவதுதான் காரணம். நான்கு பக்கமும் தோள் இடிபடத் தொடங்கியதுமே வெளியேறுங்கள், அதற்குப் பிறகு வழி கிடைக்காமல் போகலாம். மாட்டிக்கொண்டால் குத்துச்சண்டை வீரரைப்போல முழங்கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து, மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். அலைக்கு எதிராகத் தள்ள வேண்டாம். அது பின்வாங்கும் நேரத்தில் சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். சுவரை ஒட்டியும் நிற்காதீர்கள்.

7. தனிமை

லட்சக்கணக்கானவர்கள் நடுவில் தனியாக இருப்பது உங்கள் குணக்கேடு அல்ல. அத்தனை முகங்களுக்கும் முகமன் சொல்ல யாராலும் முடியாது என்பதால் நகரவாசிகள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு போகிறார்கள். அதை அகங்காரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் அதே நிறுத்தத்தில் பார்த்தும் பேசாத ஆட்களை உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் ‘பழகிய அந்நியர்கள்’ என்று அழைத்தார். முதல் பேச்சு அங்கிருந்துகூடத் தொடங்கலாம்.

நட்புக்கு வேண்டியது மணிக்கணக்கு. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் 50 மணிக்கே ஆறு மாதம். ஆகவே ஒவ்வொரு வாரமும் புதுக்கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஒரே இடத்துக்கு, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் போங்கள். விளையாட்டு, மொழி வகுப்பு, இசைக்குழு, நூலக வாசகர் வட்டம் எதுவானாலும் சரி. வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மழை பெய்யும் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும். முதல் மாதம் சலிப்பாக இருக்கும், விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவையும் குடியேறிய முதல் வாரத்திலேயே தட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தட்டக் கூச்சமாக இருக்கும்.

8. சில நாட்கள் மட்டும் வருபவர்களுக்கு

தங்குமிடத்தை விலை பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், நிலையத்துக்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஓரத்தில் மலிவாகத் தங்கினால் தினம் இரண்டு மூன்று மணி நேரம் பயணத்துக்கே போகும். மூன்று நாள் பயணத்தில் அது ஏறத்தாழ ஒரு முழுப் பகலை விழுங்கிவிடும். ஓர் அரைநாளுக்கு ஒரு பகுதி என்று பிரித்து, அந்தப் பகுதிக்குள் நடந்தே பாருங்கள். ஊருக்கு இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று போட்டால் பார்ப்பதெல்லாம் சுரங்கப்பாதைதான். கூட்டம் சேரும் இடத்துக்குத் திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே போய் நில்லுங்கள். நாளுக்குப் பதினைந்தாயிரம் அடி நடக்க நேரும். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து முதல் நாளே கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுபவர்கள் ஏராளம்.

குழுவாக வந்தால் ரயில் கதவு நடுவில் மூடிக்கொள்வது நடக்கும். முன்பே பேசி வையுங்கள்: வண்டியில் போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி மேடையிலேயே நிற்க வேண்டும், மற்றவர்கள் அடுத்த வண்டியில் அங்கே வர வேண்டும். இரண்டு பக்கமும் நகர்ந்தால் மணிக்கணக்கில் தேட வேண்டிவரும். குழந்தைகளைக் காலையில் கிளம்பும்போது ஒரு படம் எடுங்கள். காணாமல் போனால் என்ன உடை என்று பதற்றத்தில் நினைவுக்கு வராது. தங்குமிட முகவரியைக் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள், கைபேசி சார்ஜ் தீர்ந்துபோகும். அந்த நாட்டின் அவசர எண்ணை வந்திறங்கியதுமே கேட்டுக்கொள்ளுங்கள். பல நாடுகளில் கைபேசியிலிருந்து 112 வேலை செய்யும்.

9. ஆறாவது மாதத்தில்

குடியேறியவர்கள் முதல் மாதத்திலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். அப்போது மயக்கமோ மிரட்சியோ இரண்டில் ஒன்று கண்ணை மறைத்திருக்கும். ஆறாவது மாதத்தில் ஒரு வாரம் மட்டும் குறித்து வையுங்கள்: பயணத்தில் போன மணி நேரம், தூங்கிய மணி நேரம், வேலை தவிர மனிதரோடு பேசிய மணி நேரம், கையில் மிஞ்சிய பணம். பயணம் வாரத்துக்குப் பத்து மணிக்கு மேல் போய், மற்ற மூன்றும் தேய்ந்திருந்தால், ஊரைவிட்டுப் போவதற்கு முன் வீட்டை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் நோய் அங்கேதான் இருக்கும். மாற்றுவதானால் ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்பு நாட்களை எண்ணி எழுத்தில் கொடுங்கள். கடைசி நாளன்று மீட்டர் எண்களை மறுபடி படமெடுத்து, சாவியை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். குடியேறிய நாளில் அனுப்பிய மின்னஞ்சலையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முன்பணம் பற்றிப் பேசும்போது கேட்பார்கள்.